மோட்டாருக்கு போன் போடத் தெரிஞ்சவனுக்கு ஆப் மட்டும் ஏன் வரமாட்டேங்குது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல விவசாயிங்க டிஜிட்டல் தொழில்நுட்பத்தை ஏத்துக்க தயங்குறாங்க, அவங்களுக்கு போதிய விழிப்புணர்வு இல்லைனு ஒரு கட்டுரை வந்துச்சு. டீக்கடைல உக்காந்து நாலு பேரு மாத்தி மாத்தி படிச்சோம், படிச்சு முடிச்சதும் ஒருத்தர் "ஏண்ணே, விழிப்புணர்வுன்னா என்னண்ணே, நாம தூங்கிக்கிட்டா இருக்கோம்"னு கேட்டாரு, எல்லாரும் சிரிச்சிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க. எனக்கு மட்டும் மனசு கேக்கல. அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா வெட்டிக்குங்க.

நான் ஒரத்தநாடு பக்கம். சொந்தமா 4 ஏக்கர், குத்தகைக்கு 2 ஏக்கர். வயசு 61. எஸ்எஸ்எல்சி வரைக்கும் படிச்சவன். எங்க பக்கம் பாதி வாய்க்கால் தண்ணி பாதி போர் தண்ணி, மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள நாத்து முத்திப் போயிடும், அதனால மோட்டார் இல்லாம கதை நடக்காது.

மோட்டாருன்னா தெரியும்ல. த்ரீ பேஸ் கரண்டு பகல்ல கொஞ்சம் ராத்திரி கொஞ்சம்னு வரும், ராத்திரி கரண்டு எப்ப வரும்னு கண்ணு முழிச்சு கிடந்து, டார்ச்ச தூக்கிக்கிட்டு வரப்புல நடந்து போயி ஸ்டார்ட்டர அமுக்கிட்டு வரணும். எத்தனை வருஷம் இப்படி நடந்திருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு தடவ மோட்டார் கொட்டாய்ல ஸ்டார்ட்டர் பெட்டிக்கு கீழ கட்டுவிரியன் சுருண்டு கிடந்துச்சு, கைய வைக்கப் போன நேரத்துல டார்ச் வெளிச்சம் பட்டதால தப்பிச்சேன். பக்கத்து ஊர்ல ஒருத்தரு தப்பிக்கல.

இப்ப எங்க ஊர்ல போர் வச்சிருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல மொபைல் ஸ்டார்ட்டர் போட்டாச்சு. ஒரு சிம் கார்டு போட்ட பெட்டி, வீட்டுல படுத்துக்கிட்டே அதுக்கு ஒரு போன் போட்டா மோட்டார் ஓடும், இன்னொரு தடவ போட்டா நிக்கும், ஒரு பேஸ் போயிட்டா அதுவே நம்மளுக்கு போன் பண்ணி சொல்லும். இதுவும் டிஜிட்டல்தானே சார்? சிம்மு, நெட்வொர்க்கு, நம்பர் அமுக்கறது, ரீசார்ஜ் பண்றது எல்லாம் இருக்குல்ல. 70 வயசு பெரியவரு, கையெழுத்து போடவே தடுமாறுறவரு, கீபேட் போன வச்சிக்கிட்டு அட்டகாசமா ஓட்டுறாரு. இதுக்கு யாரு விழிப்புணர்வு முகாம் போட்டா? யாரும் போடல. அரசாங்கம் மானியம் குடுக்குதுங்கிற சேதியே எங்க ஊர்ல நெறைய பேருக்கு பெட்டிய வாங்கி மாட்டுனதுக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, அது வேற வயித்தெரிச்சல்.

இத ஊருக்குள்ள கொண்டுவந்தது மோட்டார் காயில் கட்டுற பையன். ரீவைண்டிங் கடை வச்சிருக்கான், எங்க ஊரு மோட்டார் எல்லாத்துக்கும் அவந்தான் டாக்டரு. மொதல்ல ஒருத்தர் கொட்டாய்ல மாட்டுனான், அவரு ஒரு வாரம் எங்க கண்ணு முன்னாடி டீக்கடைல உக்காந்துகிட்டே மோட்டார ஓட்டிக் காட்டுனாரு. அவ்வளவுதான், அடுத்த சம்பாவுக்குள்ள இருபது பெட்டி. நான் வாங்கும்போது அவன்ட்ட கேட்ட கேள்வியெல்லாம் இப்ப நெனச்சா சிரிப்பா வருது. சிம் பேலன்ஸ் தீந்துபோச்சுன்னா மோட்டார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குமாடா, ராங் நம்பர் வந்தா ஓடிருமாடா, இடி இடிச்சா காலியாடா, ரிப்பேர் ஆனா நீ வருவியா இல்ல கம்பெனிக்கு அனுப்பணுமா. எல்லாத்துக்கும் நின்னு பதில் சொன்னான். "மாமா, ஆகலைன்னா கழட்டிக்கிட்டு போறேன், காசு அப்புறம் குடுங்க"ன்னான். முடிஞ்சுது.

நான் சொல்ல வந்ததே இந்த ஒண்ணுதான் சார். எந்த வழியா சேதி வருதோ அந்த வழியில நாம திருப்பி ஒரு கேள்வி கேக்க முடியணும். திருப்பி கேக்க முடியாத வழியா வர்றது எவ்வளவு நல்ல சேதியா இருந்தாலும் காதோட நின்னுபோயிடும், வயலுக்குள்ள எறங்காது.

இது இன்னிக்கி நேத்து சங்கதி இல்ல. எங்க அப்பா காலத்துல ஆடுதுறை 27னு ஒரு நெல்லு வந்துச்சு, 1960கள்ல, குறுவைக்கு. ஜப்பான் நெல்லையும் நம்ம நெல்லையும் சேத்ததுல இருந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்துல பொறுக்கி எடுத்த ரகம். தஞ்சாவூர் ஜில்லாவுல அந்த நெல்லுக்கு ஜனங்க வச்ச பேரே ரேடியோ நெல்லு. திருச்சி வானொலில அதப்பத்தி சொல்லி சொல்லியே பரவுனதால அந்த பேரு. எங்க அப்பா கடைசி வரைக்கும் ஏடிடி 27னு சொன்னதே இல்ல, ரேடியோ நெல்லு ரேடியோ நெல்லும்பாரு. ஒரு நெல்லுக்கு அதக் கொண்டாந்த வழியோட பேரையே வச்சிருக்காங்கன்னா அந்த வழி மேல எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கணும் பாருங்க. இன்னிக்கி எந்த ரகத்துக்காவது வாட்ஸ்அப் நெல்லுன்னு பேரு வச்சா எவனாவது வெதைப்பானா?

ஆனா ரேடியோ மட்டுமே அத சாதிச்சுடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. ரேடியோவுலயும் திருப்பி கேக்க முடியாதுதான். அப்பா சொல்லுவாரு, சாயந்திரம் ரேடியோவுல கேப்போம், மறுநாளோ மூணா நாளோ கிராம சேவக், அதான் ஊரு ஊரா வர்ற அரசாங்க ஆளு, சைக்கிள்ல வருவாரு, நேத்து ரேடியோவுல சொன்னாங்களே அது என்ன கணக்குன்னு அவர புடிச்சு ஒரு மணி நேரம் நோண்டிருவோம்னு. தஞ்சாவூர் ஜில்லாவுல அப்ப தீவிர சாகுபடி திட்டம்னு ஒண்ணு நடந்துச்சு, ஆளுங்க நெறைய இருந்தாங்க. காத்துல வந்த சேதிய தரைல நின்னு விளக்க ஒரு மனுஷன் இருந்தான். ரெண்டும் சேந்துதான் வேலை செஞ்சுது. புனேல 1956ல யுனெஸ்கோவும் ஆல் இண்டியா ரேடியோவும் சேந்து கிராமத்துல சின்ன சின்ன குழுவா உக்கார வச்சு ரேடியோ கேக்க வச்சாங்களாம், கேளு, கூடிப் பேசு, செஞ்சு பாருங்கிறதுதான் அதுல மந்திரம். கேட்டவங்க சந்தேகத்த திருப்பி எழுதி அனுப்புவாங்க, நிலையத்துல இருந்து பதில் வரும். எழுவது வருஷத்துக்கு முன்னாடியே இந்த அறிவு இருந்திருக்கு.

அப்புறம் 80கள்ல பயிற்சி பார்வைத் திட்டம்னு வந்துச்சு, டி அண்ட் வி டி அண்ட் விம்பாங்க. எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ குறிப்பிட்ட கெழமைல எங்க ஊருக்கு ஆபீசர் வந்தே ஆகணும். மழை பேஞ்சாலும் வருவாரு, ரெயின்கோட்டு போட்டுக்கிட்டு. மாரியம்மன் கோயில் திண்ணைல உக்காருவாரு. வந்தாருன்னா குருத்துப்பூச்சி அடிச்ச தூர புடுங்கிட்டு போயி கைல குடுத்துருவோம். அவரு சொன்னது எல்லாமே சரியா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், மருந்த கொஞ்சம் தாராளமாவே அடிக்க சொன்னாங்க அந்த காலத்துல. ஆனா தப்பா போனா அடுத்த புதன்கெழமை அதே ஆளு அதே திண்ணைல இருப்பாரு, "என்ன சார் இப்படி ஆயிப்போச்சு"ன்னு கேக்கலாம்.

இப்ப ஒரு உதவி வேளாண் அலுவலருக்கு எத்தனை பஞ்சாயத்து இருக்குன்னு அவங்கள கேட்டுப் பாருங்க. பாவம் அவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல. வயலுக்கு வர வேண்டிய ஆளு பாதி நாளு மொபைல்ல போட்டோ ஏத்திக்கிட்டு ரிப்போர்ட் அனுப்பிக்கிட்டு இருக்காங்க. டிஜிட்டல் வந்ததால அவங்களுக்கு வேலை குறைஞ்சு வயலுக்கு அதிகமா வந்திருக்கணும் இல்லையா, நடந்தது தலைகீழ்.

2018 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசோட உழவன் செயலி, அதான் விவசாயிங்களுக்கான ஆப்பு, வந்துச்சு. நான் அத குறை சொல்ல வரல, என் போன்ல இருக்கு, விதை இருப்பு உரம் இருப்பு பாப்பேன், சந்தை விலை பாப்பேன். அதுல எனக்கு ரொம்ப புடிச்ச பக்கம் எது தெரியுமா? உதவி வேளாண் அலுவலர் எந்த நாளு எந்த ஊருக்கு வர்றாருங்கிற பக்கம். ஒரு ஆப்புக்குள்ள இருக்கிறதுலயே உருப்படியான விஷயம் ஒரு மனுஷன் எப்ப வருவாருங்கிறதுதான். செஞ்சவங்களுக்கும் எங்கயோ மனசுல இது பட்டிருக்கு. அந்த ஒரு பக்கத்த மட்டும் ஒழுங்கா அப்டேட் பண்ணி, அதுல போட்ட தேதிக்கு ஆளு வந்து நின்னா, மீதி பக்கங்கள அவரே எங்களுக்கு காட்டிக் குடுத்துடுவாரு, எங்க ஊர்ல எல்லார் போன்லயும் அது ஏறிடும்.

சரி, எஸ்எம்எஸ் கதைக்கு வர்றேன். எனக்கு வர்ற மெசேஜுல பாதி இங்கிலீஷுல வருது. என் பேரப்புள்ள ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் அத யாரும் தொடுறதில்ல. தமிழ்ல வர்றது இருக்கே அது இன்னும் கஷ்டம், "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" அப்படின்னு வரும், எந்த விண்ணப்பம், எந்த ஆபீஸ், யார கேக்குறது? ஒண்ணும் இருக்காது. திருப்பி பதில் போட்டா போகாது, அது ஒருவழிப் பாதை. ஒரு தடவ இப்படித்தான் ஒரு வானிலை சர்வீஸ்ல இருந்து ரெண்டு நாளைக்கு மழை இல்லைனு மெசேஜ் வந்துச்சு, நம்பி உளுந்து பிடுங்கி களத்துல போட்டேன், மறுநா காலைல கொட்டித் தீத்துடுச்சு. மழைய யாரும் கட்டி வைக்க முடியாது, தப்பு சகஜம்தான். ஆனா மெசேஜ் அனுப்புன அந்த நம்பருக்கு "ஏம்ப்பா இப்படி ஆச்சு"ன்னு கேக்கக்கூட வழி இல்ல பாருங்க, அன்னைல இருந்து அந்த மெசேஜ தொறக்குறதே இல்ல. எங்க ஊர்ல வானம் பாத்து சொல்ற ஒரு பெரியவரு பத்துக்கு அஞ்சு தப்பாத்தான் சொல்லுவாரு, இருந்தும் அவர்ட்டதான் கேக்குறோம். அவரு தப்பா சொன்னா நாலு வார்த்த ஏசலாம், அவரும் சிரிச்சுக்குவாரு.

ஓடிபின்னு ஒண்ணு இருக்கே, அத பத்தி தனியாவே ஒரு லெட்டர் எழுதணும். பிஎம் கிசான்ல வருஷத்துக்கு 6,000 ரூபா மூணு தவணையா வருது, அதுக்கு இகேஒய்சி, அதான் ஆளு நெசந்தானான்னு ஆதார வச்சு சரிபாக்குறது, பண்ணணும்னு வந்தப்ப ஆதார்ல இருக்கிற நம்பருக்கு ஓடிபி போவும். ஆதார் எடுக்கும்போது எங்க ஊர்ல பாதி பேரு மகன் நம்பர குடுத்து வச்சிருக்காங்க. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனில, இல்ல சிங்கப்பூர்ல. அப்பன் இங்க இ-சேவை மையத்துல நிப்பான், ஓடிபி திருப்பூர்ல போய் விழும், மகன் மெஷின் முன்னாடி நிக்கிறதால போன எடுக்க மாட்டான், எடுக்கிறதுக்குள்ள அந்த நம்பர் செத்துப்போயிடும். "டேய் தம்பி இப்ப ஒரு நம்பர் வரும்டா, வந்தா சொல்றா"ன்னு கத்துற சத்தம் எந்த இ-சேவை மையத்துக்கு போனாலும் கேக்கும். ரேகை வச்சும் பண்ணலாம்னாங்க, அப்புறம் மூஞ்சிய காட்டியும் பண்ணலாம்னு வந்துச்சு, நல்லது. ஆனா நாத்து பறிச்ச கைல ரேகை எங்க சார் இருக்கு.

2025ல விவசாயிகளுக்கு தனித்துவ அடையாள எண்ணுன்னு பதிவு பண்ண சொன்னாங்க. அதுக்கு ஊருக்கே வந்து முகாம் போட்டாங்க, பஞ்சாயத்து ஆபீஸ்ல உக்காந்து பட்டாவையும் ஆதாரையும் வாங்கி அவங்களே பதிஞ்சு குடுத்தாங்க. எங்க ஊர்ல முக்கால்வாசி பேருக்கு வேலை முடிஞ்சுபோச்சு. இத பாராட்டி எழுதணும்னு அப்பவே நெனச்சேன், எழுதல, இப்ப எழுதுறேன். சந்தேகத்த மூஞ்சிக்கு நேரா கேக்க முடிஞ்சுது, நெலத்த புடுங்கப் போறாங்களாம்னு ஒருத்தன் வாட்ஸ்அப்புல பரப்பி விட்டிருந்தான், அதக்கூட அங்க உக்காந்திருந்த அந்த பொண்ணுட்டயே கேட்டோம், அது பொறுமையா சொல்லுச்சு. ஆனா குத்தகைக்காரன் கதை? பட்டா என் பேர்ல இருக்கிற 4 ஏக்கருக்கு நான் விவசாயி. குத்தகைக்கு உழுற அந்த 2 ஏக்கருக்கு கும்பகோணத்துல இருக்கிற நெலத்துக்காரரு விவசாயி, அவருக்கு வயலு எந்த மூலைல இருக்குன்னே தெரியாது. மெசேஜும் அவருக்குத்தான் போவும். பூச்சி தாக்குதல் எச்சரிக்கை அவருக்கு போயி என்ன சார் ஆகப்போவுது, கும்பகோணம் வீட்டு மாடில இருக்கிற ரோஜாச்செடிக்கா மருந்தடிக்கப் போறாரு.

பொம்பளைங்கள மறந்துட்டேனே. எங்க வீட்டுல களையெடுப்புல இருந்து வெதை காயவச்சு வைக்கிறது வரைக்கும் என் சம்சாரந்தான். ஆனா எந்த ஆபீஸ்லயும் பதிவான நம்பர் என்னுது. நூறு நாள் வேலைல தினம் ரெண்டு தடவ ஆப்புல போட்டோ எடுத்தாத்தான் அட்டென்டன்சுனு ஆன நாள்ல இருந்து எங்க ஊரு பொம்பளைங்க ஆப்பு, சர்வர், நெட்வொர்க்கு எல்லாத்தையும் பத்தி என்னைவிட நல்லா பேசுறாங்க. "இன்னிக்கி சர்வர் டவுனு, போட்டோ ஏறல"ன்னு அறுவது வயசு அக்கா ஒண்ணு சொல்லுச்சு பாருங்க, அசந்துட்டேன். அவங்க நூறு பேரு ஒரே எடத்துல மத்தியானம் வரைக்கும் உக்காந்திருக்காங்க, அங்க ஒரு அரை மணி நேரம் வேளாண்மைத் துறை ஆளு ஒருத்தர் வந்து பேசுனா போதுமே. மகளிர் குழுவுக்கு ட்ரோன் குடுக்கிற திட்டம் 2023ல மத்திய அரசு அறிவிச்சுது, 15,000 குழுவுக்குன்னு. ட்ரோன் ஓட்ட பொம்பளைக்கு சொல்லிக்குடுக்கலாம்னு தெரியுது, மெசேஜ் அனுப்பறதுக்கு மட்டும் ஆம்பள நம்பர் வேணுமாக்கும்.

ட்ரோனுன்னதும் இன்னொண்ணு. எங்க பக்கம் அது வந்த வேகத்த பாத்தீங்கன்னா மோட்டார் பெட்டி மாதிரியேதான். 10 லிட்டர் டேங்கோட வயலுக்கு மேல பறந்து பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு ஏக்கர் அடிச்சுட்டு எறங்குச்சு, வரப்புல அம்பது பேரு நின்னு பாத்தோம். இலைக்கு அடில படுதா, பக்கத்து வயலு வெத்தலைக் கொடிக்கு மருந்து தெறிக்காதான்னு ஓட்டுன பையன்கிட்ட அங்கயே கேட்டாச்சு. அறுப்பு மெஷினும் அப்படித்தான் வந்துச்சு, டயர் வண்டி பெல்ட் வண்டின்னு, சேலம் நாமக்கல் பக்கத்துல இருந்து சீசனுக்கு வருவாங்க, புரோக்கர் மூலமா. எதுக்கும் விளம்பரம் இல்ல. எந்த வயலுக்கு எது சரின்னு டிரைவர்ட்டயே கேட்டுக்குவோம்.

மருந்துக்கடைக்காரர பத்தி சொல்லாம விட்டா நேர்மையா இருக்காது. எங்க ஊர்ல உண்மையான வேளாண் ஆலோசனை மையம் அவரு கடைதான். இலைய போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்புல போடுறோம், அஞ்சு நிமிஷத்துல வாய்ஸ் நோட்டு வந்துரும், "அண்ணே இது இலைச்சுருட்டு, பையன அனுப்புங்க, டப்பா குடுத்து விடுறேன்". டிஜிட்டலுக்கு டிஜிட்டலு, பதிலுக்கு பதிலு. கடனும் உண்டு, அறுத்து குடுத்தா போதும். வில்லங்கமும் அங்கதான். கடன்பட்ட எடத்துல வேண்டாம்னு சொல்ல வாய் வராது, ஒரு மருந்துக்கு மூணு மருந்து கலந்து குடுத்தாலும் வாங்கிக்கிட்டு வருவோம். திருப்பி கேக்கலாம், ஆனா எதுத்து கேக்க முடியாது. அதே போட்டோவ விக்கிறதுக்கு எதுவும் இல்லாத ஒரு ஆளுக்கு அனுப்பி அதே அஞ்சு நிமிஷத்துல பதில் கெடைச்சா நாங்க ஏன் சார் கடைக்காரர்ட்ட போறோம்?

அப்படி ஒண்ணு இல்லாமலும் இல்ல. கிசான் கால் சென்டருன்னு 2004ல இருந்து நடக்குது, 1800 180 1551, காசு கெடையாது, காலைல 6 மணில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும், தமிழ்லயே பேசுறாங்க. நான் பேசிப் பாத்திருக்கேன், மரியாதையாத்தான் பேசுனாங்க. இருவது வருஷத்துக்கு மேல ஆகுது, எங்க டீக்கடைல இந்த நம்பர் எத்தனை பேருக்கு தெரியும்னு கேட்டேன், ரெண்டு பேரு கை தூக்குனாங்க, அதுல ஒருத்தரு ரிட்டயர்டு வாத்தியாரு. திருப்பி கேக்குற வழிய திறந்து வச்சிருக்காங்க, வாசல் எங்க இருக்குன்னு சொல்ல ஆளு இல்ல. உர மூட்டைல, சொசைட்டி சுவத்துல, டீக்கடை பலகைல இந்த நம்பர பெருசா எழுதுனா என்ன கொறைஞ்சுபோயிடும்?

யூட்யூப் பத்தியும் கேப்பீங்க. நானும் பாக்குறேன், ராத்திரி சாப்பிட்டுட்டு. ஒரு ஏக்கர்ல லட்ச லட்சமா லாபம்பாங்க எல்லாரும். நஷ்டப்பட்டவன் எவனும் வீடியோ போடுறதில்ல போலருக்கு. ஒரு தடவ ஒரு வீடியோவுக்கு கீழ "உங்க ஊரு மண்ணு என்ன மண்ணு"ன்னு பையன விட்டு கமெண்ட் போடச் சொன்னேன். இன்னும் பதில் வரல, ஒரு ஹார்ட்டு மட்டும் போட்டிருக்காங்க.

கஜா புயல எழுதாம விட முடியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலைல அடிச்சுது. எங்க பக்கம் தென்னை பூரா சாஞ்சு, கரண்டு கம்பம் எல்லாம் ஒடிஞ்சு, செல்போன் டவரும் போயி, கரண்டு வர வாரக்கணக்குல ஆச்சு. ஸ்மார்ட்போன் எல்லாம் வெறும் கண்ணாடித் துண்டு. அப்ப எங்க தெருவுக்கு சேதி சொன்னது எங்க அப்பாவோட பழைய ட்ரான்சிஸ்டர், ரெண்டு பேட்டரி போட்டு. அதச் சுத்தி முப்பது பேரு உக்காந்திருப்பாங்க. பயிர் காப்பீட்டுல ஆலங்கட்டி மழை, அறுத்துப் போட்ட கதிர் நனையுறது மாதிரி சில சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும்னு விதி இருக்கு, ஆப்புல சொல்லலாம், போன்ல சொல்லலாம். நல்ல விதிதான். ஆனா எந்த மழை வயல அழிக்குதோ அந்த மழைதான் டவரையும் அழிக்குது. 72 மணி நேரம் கழிச்சு சிக்னல் வந்து ஆப்ப தொறந்தா என்ன பண்றது? அதனால இருக்கிற பழைய வழிய எல்லாம் ஆப்பு வந்துருச்சுன்னு மூடிராதீங்கன்னு கும்புட்டு கேட்டுக்கிறேன்.

பழசும் புதுசும் சேந்தா என்ன ஆகும்னு நம்ம பக்கத்துலயே பாத்தாச்சு. புதுச்சேரில 1998ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்கள்ல தகவல் மையம் ஆரம்பிச்சாங்க, வில்லியனூர்ல தலைமை மையம், சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் அங்க இருந்து சேதி போவும். அப்ப இன்டர்நெட்டுன்னா இங்க யாருக்கு தெரியும். வீராம்பட்டினம் மீனவங்களுக்கு கடல்ல அலை எவ்வளவு உயரம் இருக்கும்னு அமெரிக்க கடற்படை வெப்சைட்டுல இருந்து எடுத்து, அத தமிழ்ல ஊரு ஒலிபெருக்கில படிச்சாங்க. அலை கணக்கு அமெரிக்காவுது, குரல் ஊரு குரலு. படிச்ச ஆளு அதே தெருவுலதான் இருக்கான், சந்தேகம்னா போயி கதவ தட்டலாம். கரைல நின்னு வலைய தச்சுக்கிட்டே கேக்கலாம், போனு வேண்டாம், படிப்பு வேண்டாம். எங்க ஊரு கோயில்லயும் ஒலிபெருக்கி இருக்கு, மார்கழி மாசம் விடியக்காலைல ஊரையே எழுப்புது. தண்டோரா போடக்கூடாதுனு 2022ல அரசாங்கம் சொன்னப்ப, அதுக்குப் பதிலா வண்டில ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம்னாங்க, ரொம்ப சரியான முடிவு. அந்த வண்டில காப்பீட்டுக்கு கடைசி தேதி என்னைக்கு, எந்த ஆவணம் வேணும், யார கேக்கணும்னு சொல்லிக்கிட்டு ரெண்டு ரவுண்டு வந்தா கடைசி நாளு இ-சேவை மையத்துல அடிதடி நடக்காதுல்ல.

வேளாண்மைத் துறைல இத படிக்கிறவங்களுக்கு நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. இன்னொரு புது ஆப்பு வேண்டாம். அனுப்புற ஒவ்வொரு மெசேஜுக்கு அடிலயும் திருப்பி பேசுறதுக்கு ஒரு ஆளோட பதவியும் நம்பரும் போடுங்க. எழுத்தவிட வாய்ஸா அனுப்புங்க, தஞ்சாவூருக்கு தஞ்சாவூர் பேச்சுல, கோயமுத்தூருக்கு கோயமுத்தூர் பேச்சுல. பயிற்சி குடுக்கிறதா இருந்தா எங்கள மண்டபத்துல உக்கார வச்சு பிஸ்கட்டும் டீயும் குடுத்து போட்டோ எடுத்துட்டு அனுப்புறதுக்குப் பதிலா மோட்டார் மெக்கானிக்கு, இ-சேவை மையத்து பொண்ணு, அறுப்பு மெஷின் புரோக்கரு, மகளிர் குழு தலைவி, இவங்கள கூப்ட்டு குடுங்க. அப்புறம் காலியா கெடக்குற உதவி வேளாண் அலுவலர் எடத்தையெல்லாம் நெரப்புங்க, அந்த திண்ணை இன்னும் அங்கதான் இருக்கு.

இத நான் பேப்பர்ல எழுதல சார், போன்ல பேசிப் பேசி டைப் பண்ணுனேன், தமிழ்ல பேசுனா அதுவே எழுதிக்குது. எட்டாவது படிக்கிற பேத்தி கத்துக்குடுத்துச்சு. குருத்துப்பூச்சின்னு சொன்னா "குருத்து பூச்சூடி"ன்னு எழுதுது, அத மட்டும் எப்படி திருத்துறதுன்னு மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் திட்டிக்கிட்டே காட்டுச்சு. லெட்டர போட்டீங்கன்னா தனியா தகவல் சொல்ல வேண்டாம், காலைல டீக்கடைல பாத்துக்குவேன்.

இப்படிக்கு,
சம்பா விவசாயி ஒருத்தன்,
ஒரத்தநாடு பக்கம், தஞ்சாவூர் மாவட்டம்